பாட்டிலுக்குப் புது ரப்பர்

பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியிலிருந்து கார்டு வந்தது. பிப்ரவரி எட்டாம் தேதி, திங்கட்கிழமை, காலை எட்டு மணிக்குள் வந்து சேர வேண்டும் என்று போட்டிருந்தது. வாசகம் எல்லாம் அச்சு. தேதியை மட்டும் பேனாவால் எழுதியிருந்தார்கள். 1999ஆம் வருடம் அது. நசீம் கார்டை வாங்கிப் படித்தாள். அரிசி டின்னுக்கு அடியில் வைத்தாள்.

"பதினேழு நாள் இருக்கு" என்றாள். அவ்வளவு சொல்வதற்கே சுவரில் சாய வேண்டியிருந்தது.

அவளுக்கு இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருந்தது. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலால் ஆனது என்றார்கள். இரண்டாவது பெண் சாதியா வயிற்றில் இருக்கும்போதுதான் அது தெரியவந்தது. எப்படியோ பிரசவத்தைத் தாண்டிவிட்டாள். அதற்குப் பிறகு தெருக்குழாயிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் மூன்று இடத்தில் நிற்பாள். படுத்தால் மூச்சு முட்டும். இரண்டு தலையணைகளைச் சுவரோரம் அடுக்கி, அதில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். கம்பத்தில் ஒரு உரக்கடையில் எனக்கு வேலை. காலையில் நான் கிளம்பும்போது எப்படி உட்கார்ந்திருந்தாளோ, சாயங்காலம் திரும்பும்போதும் அப்படியே உட்கார்ந்திருப்பாள். ஆனால் அதற்குள் சோறு ஆகியிருக்கும், துணி காய்ந்திருக்கும். எப்படிச் செய்தாள் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

வந்தது இரண்டாவது கார்டு. முதல் கார்டு நவம்பரில் வந்தது. அப்போது சாதியாவுக்கு ஐந்து மாதம். போடியிலிருந்து என் அக்காவை வரவழைத்து, பிள்ளைகளை விட்டுவிட்டுக் கிளம்பினோம். குமுளி பஸ் ஸ்டாண்டில் கோட்டயம் பஸ்ஸுக்கு நிற்கும்போது மனசு கேட்காமல் கடைக்குப் போன் போட்டேன். பிள்ளை காலையிலிருந்து ஒரு சொட்டுக் குடிக்கவில்லை, அழுதழுது முகம் நீலம் பாரித்துவிட்டது, டாக்டரிடம் தூக்கிப் போயிருக்கிறார்கள் என்றார் முதலாளி. நசீம் பையை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்க் கம்பம் பஸ்ஸில் ஏறிவிட்டாள். தேதி போனது. இன்னொரு முறை தவறினால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது என்றும், இவள் உடம்பு அதுவரை தாங்குமா என்பதும் தெரியாது என்றும் பிறகு போனில் கேட்டபோது ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார்.

ஆக, சாதியா பாட்டிலில் குடித்தால் நசீமுக்கு ஆபரேஷன். குடிக்காவிட்டால் இல்லை. பதினேழு நாளும் எங்கள் வீட்டில் வேறு பேச்சு கிடையாது.

வேப்பங்கொழுந்தை அரைத்து மாரில் தடவினாள். சாதியா முதல் வாயில் முகத்தைச் சுளித்தது, அழுதது, பிறகு கசப்போடு சேர்த்தே குடித்துவிட்டு உதட்டைச் சப்புக்கொட்டியது. சங்கில் ஊற்றினால் துப்பியது. ராகிக்கூழ் இரண்டு கரண்டி இறங்கும், அதற்கு மேல் வாயைத் திறக்காது. நசீம் உள்ளறையில் ஒளிந்துகொள்ள, நான் பாட்டிலை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவேன். பிள்ளை என்னை ஏமாற்றுக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்க்கும். அரைமணி நேரத்தில் உள்ளேயிருந்து, "விடுங்க, குடுங்க இங்கன" என்று குரல் வரும். அந்தக் குரலுக்காகத்தான் நானும் காத்திருப்பேன்.

பக்கத்து வீட்டுச் சங்கிலியம்மாள் தினமும் விடியும் முன்னே ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் இருப்பாள். அந்த ஞாயிறு எங்கள் வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏத்தா நசீமு, பிள்ளைகள எங்கன விடப்போற?"

"உத்தமபாளையத்துல, எங்கண்ணன் வீட்டுலக்கா."

"ஒங்க மதினிக்காரி அவ பயலுக்கு இன்னும் பால் குடுக்காள்ல?"

"குடுக்காக."

"பெறகென்னத்துக்கு இந்தப் பாட்டிலக் கட்டிக்கிட்டு அழுகுற? ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் இவ. எங்க தோட்டத்து லயத்துல நாலு பிள்ளைக இப்பிடித்தான் வளந்துச்சு."

நசீம் சிரித்தாள். "எங்களுக்குள்ள அது ஆகாதுக்கா."

ஆகாது என்பதற்குக் காரணம் இருந்தது. நசீமின் அண்ணன் ராஜா முகம்மதுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம் கழித்துப் பிறந்தவன் காஜா மைதீன். கார்டு வந்தபோது அவனுக்கு ஒன்றரை வயது. சாதியா பிறந்த அன்று மச்சான் சீனிப் பொட்டலத்தோடு வந்து, ஒரு சிட்டிகை எடுத்துப் பிள்ளையின் உதட்டில் வைத்து, "என் மருமகளுக்கு மாமன் கை சீனி" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டார். காஜாவுக்குச் சாதியா என்பது அன்றைக்கே முடிவானது. எங்கள் மார்க்கத்தில், கைப்பிள்ளைக்கு இன்னொருத்தி பால் கொடுத்துவிட்டால் அவளும் அந்தப் பிள்ளைக்குத் தாய். அவள் பெற்ற பிள்ளைகள் இதற்கு உடன்பிறப்பு. எங்கள் பக்கத்தில் ஒரு வாய் இறங்கினாலே போதும் என்பார்கள். அதன் பிறகு அவர்களுக்குள் நிக்காஹ் கிடையாது. ஊர் முழுக்க எத்தனையோ பெண்கள் இருக்க, மச்சான் மனைவி கைருன்னிசா ஒருத்திதான் சாதியாவுக்குப் பால் கொடுக்கக் கூடாதவள். என் அக்கா இன்னொரு முறை பொறுப்பேற்கப் பயந்தாள். பிள்ளையை விடுவதற்கு எங்களுக்கு இருந்ததும் கைருன்னிசா ஒருத்திதான்.

இதை நசீம் சங்கிலியம்மாளுக்குச் சுருக்கமாகச் சொன்னாள்.

"அந்தக் கல்யாணம் எத்தன வருசம் கழிச்சு?"

"ஒரு இருவது வருசம்."

"இருவது வருசம் கழிச்சுப் பந்தி போடுறதுக்கு இன்னைக்குப் பச்சப்பிள்ளய பட்டினி போடுறீகளாக்கும். நல்லாருக்கு ஒங்க மொற. ஏன் பாய், நீங்களாச்சும் சொல்லக் கூடாதா?"

நான் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"அப்பிடியில்லக்கா" என்றாள் நசீம். மூச்சு நின்று நின்று வந்தது. "நான் இருந்தாலும் இல்லாட்டியும் என் மகளுக்குன்னு ஒரு வீடு இருக்கும்ல. நான் பொறந்த வீடு."

சங்கிலியம்மாள் எழுந்து போய், குடத்தை எடுத்து எங்கள் வீட்டுக்கும் தண்ணீர் பிடித்து வைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் பழக்கிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். காலை ஒன்பது மணிக்குப் பிள்ளைகளைக் கைருன்னிசாவிடம் விட்டுவிட்டு, நாங்கள் கண்ணில் படாமல் எங்காவது இருந்துவிட்டு, மூன்று மணிக்குத் திரும்பிப் பார்ப்பது. பாட்டிலில் இருந்த பழைய ரப்பர் கிழிந்து, கவிழ்த்தால் பால் கொட்டியது. முந்தின நாள் சாயங்காலம் மெடிக்கலில் புதிது ஒன்று வாங்கி நசீமிடம் கொடுத்திருந்தேன். கூடை நிறைய சாமான். துணி, பவுடர், பால் டப்பா, வெந்நீர் பிளாஸ்க். ஆறு மணி நேரத்துக்கு ஆறு மாதத்துக்கானதை எடுத்து வந்திருந்தாள்.

மச்சான் இரும்புக்கடைக்குப் போயிருந்தார். கைருன்னிசா பிள்ளையை வாங்கிக்கொண்டு, "போங்கண்ணே, நான் பாத்துக்கிறேன். நசீமு, நீ திரும்பிப் பாக்காமப் போ" என்றாள். நாங்கள் தெருமுனை திரும்புவதற்குள் அழுகை தொடங்கிவிட்டது.

உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் பெண்கள் உட்காரும் பெஞ்சில் நசீமை உட்காரவைத்து, நான் தூணோரம் நின்றேன். தேனிப் பக்கம் போகிற பஸ்கள் வந்தன, போயின. ஒரு லாரியிலிருந்து வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்தார்கள். டீ வாங்கிக் கொடுத்தேன், ஆறவைத்துவிட்டாள். பன்னிரண்டு மணிவாக்கில் பால் கட்டி, ரவிக்கை நனைந்து, மேலே போட்டிருந்த வெள்ளைத் துப்பட்டியிலும் ஈரம் தெரிந்தது. அதை இழுத்து இழுத்து மூடிக்கொண்டாள். அவள் கன்னத்தில் கண்ணீர் இல்லை. அழக்கூட மூச்சு வேண்டுமே.

"போயிப் பாப்பமா?" என்றேன்.

"மூணு மணின்னா மூணு மணி. இன்னைக்குப் போனா எல்லாம் போச்சு."

மூன்று மணிக்குப் போனபோது வீடு அமைதியாக இருந்தது. சாதியா கைருன்னிசாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது, வயிறு நிறைந்த தூக்கம். பாட்டிலில் கால்வாசிப் பால்தான் இருந்தது.

"முக்காப் பாட்டில் குடிச்சிருச்சுண்ணே" என்றாள் கைருன்னிசா. "மொதல்ல ஊரையே கூட்டுச்சு. பெறகு பசி தாங்காம தானா இழுத்துக் குடிச்சிருச்சு." சொல்லிவிட்டு உடனே எழுந்து எங்களுக்குச் சோறு போட உள்ளே போனாள்.

என்னால் நம்ப முடியவில்லை. "நசீமு, குடிச்சிருச்சாம்!" என்று இரண்டு முறை சொன்னேன். பெரியவள் மிஸ்பாவுக்கு நான்கு வயது. அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தா, மாமி பாப்பாவத் தூக்கிட்டுப் போயிக் கதவச் சாத்திக்கிட்டாக. என்னய உள்ள விடல" என்று புகார் சொன்னாள்.

"பாப்பா தூங்கணும்ல" என்றேன்.

திரும்பும் பஸ்ஸில் நசீம் கூடையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். உள்ளங்கையில் கவிழ்த்துப் பார்த்தாள். ரப்பரைக் கட்டைவிரலால் அமுக்கினாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ரப்பரைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். கழுவ வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். பிறகு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "பிள்ள பழகிருச்சு. போயிருவோம்" என்றாள். எனக்கு வேறென்ன வேண்டும். அவ்வளவு நிம்மதியாக நான் அந்த ரோட்டில் அதற்கு முன்னும் பின்னும் போனதில்லை.

மறுநாள், "இன்னொரு ரப்பர் வாங்கிட்டு வாங்க" என்றாள்.

"நேத்துதான வாங்குனேன்?"

"அது சரியில்ல."

வாங்கி வந்தேன். ஊசியை அடுப்பில் பழுக்கக் காட்டி அவளே ஒரு துளை குத்தினாள். அப்போதெல்லாம் ரப்பர் அடைத்துத்தான் வரும். துளை நாம்தான் போட வேண்டும்.

ஆறாம் தேதி சனிக்கிழமை பிள்ளைகளை விடப் போனோம். அன்றைக்கு மச்சான் கடைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். கோபக்காரர், ஆனால் தங்கை என்றால் உருகிவிடுவார். நசீம் மிஸ்பாவை மடியில் உட்காரவைத்து, ஆஸ்பத்திரி, ஆபரேஷன், ஒரு மாதம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏ நசீமு, பச்சப்பிள்ளட்ட போயி எதுக்கு இதெல்லாம்? நான் அத முட்டாய் வாங்கித் தரேன்னு கடப்பக்கம் கூட்டிட்டுப் போறேன். நீயும் மாப்ளயும் பின்வாசல் வழியாப் போயிருங்க."

"வேணாம்ணே. மறஞ்சு போனா, நான் திரும்பி வர்ற வரைக்கும் வீடு வீடா என்னயத் தேடும். சொல்லிட்டே போறேன்."

மிஸ்பா அழவில்லை. யோசித்தாள். "அப்பன்னா ஒஞ் செருப்ப வச்சிட்டுப் போ" என்றாள். செருப்பு இல்லாமல் அம்மா ரொம்ப தூரம் போக முடியாது என்று அவள் கணக்கு. நசீம் செருப்பைக் கழற்றி அவள் கையில் கொடுத்தாள்.

பிறகு கைருன்னிசாவை உள்ளே கூப்பிட்டாள். நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். சாதியாவுக்கு எந்தப் பக்கம் சாய்த்தால் தூக்கம் வரும், மிஸ்பாவுக்கு இருட்டில் பயம், விளக்கை அணைக்காதே, இப்படி எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "மதினி, பிள்ளைக்கு எது நல்லதுன்னு ஒங்களுக்குத் தோணுதோ அதச் செய்யுங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றாள். கைருன்னிசா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

வெறுங்காலோடு பஸ் ஏறினாள். குமுளியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கினோம்.

பால் வற்றுவதற்காக மாரில் மல்லிகைப்பூவை வைத்து இறுகக் கட்டியிருந்தாள். கோட்டயம் வரை பஸ்ஸில் எங்கள் சீட்டைச் சுற்றி அந்த வாசனை. கல்யாணத்துக்குப் போகிறீர்களா என்று பக்கத்திலிருந்த ஒரு அம்மா கேட்டார். ஆமாம் என்றாள் நசீம். விளக்கம் சொல்லத் தெம்பில்லை. திங்கட்கிழமை வார்டில் கட்டை அவிழ்த்த மலையாளத்து நர்ஸ், வாடிக் கறுத்திருந்த பூவைப் பார்த்து, "எந்தா இது?" என்று கேட்டாள். நசீம் தமிழிலேயே சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, "சாரமில்லா", பரவாயில்லை, என்று தோளில் தட்டிவிட்டு, பூவைக் குப்பையில் போடாமல் பேப்பரில் மடித்து என்னிடம் கொடுத்தாள்.

புதன்கிழமை சாயங்காலம், பார்வையாளர் நேரம். மறுநாள் காலை ஆபரேஷன். பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். நசீம் தலையணைக்கு அடியிலிருந்து கைக்குட்டையை எடுத்து முடிச்சை அவிழ்த்தாள்.

"ஒண்ணு காட்டுறேன். கோவப்படக் கூடாது."

ரப்பர். நான் வாங்கி வந்த புது ரப்பர்.

"வாயில வச்சு ஊதிப் பாருங்க."

ஊதினேன். காற்று வெளியே போகவில்லை. ரப்பர் உப்பிக்கொண்டு நின்றது.

"அன்னைக்குக் கெளம்புற அவசரத்துல குத்த மறந்துட்டேன்" என்றாள். "மதினிக்கும் தெரியல. காஜாதான் பாட்டில்னு ஒண்ணக் கண்ணாலயே பாத்தது இல்லயே. புதுசுன்னா அப்பிடியே குடிக்கலாம்னு நெனச்சிருக்காக."

"அப்ப முக்காப் பாட்டிலு?"

"கீழ ஊத்திருப்பாக."

நான் ரப்பரைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். பிள்ளை எதைக் குடித்தது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"பஸ்ஸுலயே ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீங்க அண்ணன்ட்டச் சொல்லிருவீக. ஒங்க மூஞ்சியே சொல்லிரும். அண்ணன் மதினியப் போட்டு வைவாக. மதினி பெறகு குடுக்க மாட்டாக. நாம மறுபடியும் குமுளியோட திரும்பணும்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இன்னொருக்காத் திரும்பி வர எனக்குத் தெம்பு இல்லைங்க."

"காஜாவுக்குன்னு சொன்னது…"

"போச்சு" என்றாள். ஒரு பாத்திரம் உடைந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். "நீங்க ஒண்ணும் சொல்லிராதீக. நான் ஊருக்கு வந்து அண்ணன்ட்ட நானே பேசிக்கிறேன். நான் சொன்னா மதினிய ஒண்ணும் சொல்ல மாட்டாக."

மணி அடித்தார்கள். வெளியே வந்துவிட்டேன்.

ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள், சனிக்கிழமை காலையில், அவள் போய்விட்டாள். யாரையும் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நூற்றில் ஐந்து பேருக்கு இப்படி ஆகலாம் என்று முன்பே சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அந்த ஐந்து எனக்கு அன்றைக்கு வெறும் எண்ணாகத்தான் இருந்தது. வேனில் மய்யத்தோடு குமுளி மலை இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை கம்பத்தில் அடக்கம் செய்தோம்.

செவ்வாய்க்கிழமை மூன்றாம் நாள் பாத்திஹா. மூன்று நாளும் அந்த ரப்பர் என் சட்டைப்பையிலேயே இருந்தது. வந்தவர்கள் எல்லாம் ஒரே ஆறுதலைத்தான் சொன்னார்கள். சின்னவளைப் பற்றிக் கவலைப்படாதே, அவளுக்கு மாமன் வீடு இருக்கிறது, காஜா இருக்கிறான். மச்சான் என் தோளைக் கட்டிக்கொண்டு, "என் தங்கச்சி போயிட்டா. சாதியா என் மருமக. அதுல மாத்தமே இல்ல மாப்ள. இனி அது என் பாடு" என்று அழுதார். நான் தலையை ஆட்டினேன். சொல்லாமல் இருந்துவிடலாம் என்று அந்த மூன்று நாளில் எத்தனை முறை நினைத்தேன் என்று எனக்குத்தான் தெரியும். தாயில்லாப் பிள்ளைக்கு நசீம் தேடி வைத்த வீடு அது. சொன்னால் அது போகும். சொல்லாவிட்டால், இருபது வருடம் கழித்து அண்ணனும் தங்கையுமாக மணமேடையில் உட்காரவேண்டி வரும்.

கைருன்னிசா பிள்ளைகளோடு எங்கள் வீட்டிலேயே இருந்தாள். சாதியா அழும்போதெல்லாம் பாட்டிலை ஆற்றி, எல்லோரும் பார்க்க எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்துவாள். கால்மணி நேரம் கழித்து வெளியே வருவாள். பாட்டிலை ஜன்னலில் வைப்பாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் கூட்டம் கலைந்த பிறகு, பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியருகே அவள் தனியாக நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"அண்ணே, நான் ஒரு பாவம் பண்ணிட்டேன். ஒங்ககிட்டச் சொல்லாட்டி எனக்குச் சோறு எறங்காது."

நான் தொட்டியருகே போனேன்.

"அன்னைக்குப் பிள்ள பாட்டில்ல குடிக்கலண்ணே. சப்பிச் சப்பிப் பாத்துட்டுக் கத்துச்சு. மூச்சு நின்னுருச்சோன்னு பயந்துட்டேன். காஜா பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருக்கான். எனக்குத் தானாப் பால் சொரக்குது. என்னண்ணே செய்வேன்?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "குடுத்தது போகட்டும். குடிச்சிருச்சுன்னு ஏன் பொய் சொன்னேன்? உண்மயச் சொல்லிருந்தா அவ போயிருக்க மாட்டா. இன்னைக்கு இங்கன சொவத்துல சாஞ்சு உக்காந்திருப்பா. நாந்தான் அவள அனுப்பி வச்சேன்."

இதே நினைப்பு எனக்கும் வந்திருந்தது. வேனில் மலை இறங்கும்போது, அவள் காலருகே உட்கார்ந்து, இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். அதை நான் கைருன்னிசாவிடம் சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

சட்டைப்பையிலிருந்து ரப்பரை எடுத்துக் கொடுத்தேன். "ஊதிப் பாரு ஆத்தா."

ஊதினாள். உப்பியது. புரியாமல் பார்த்தாள்.

"குத்தவே இல்ல. நசீமு மறந்துட்டா. பஸ்ஸுலயே பாத்துட்டா. எல்லாந் தெரிஞ்சுதான் போனா."

"தெரிஞ்சுமா?"

"நீ குடுப்பேன்னு தெரிஞ்சதுனாலதான் பிள்ளய ஒங்கிட்ட விட்டா. இல்லாட்டி விட்டிருக்க மாட்டா."

"நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்னாளே, அதுக்கா அண்ணே?"

"அதுக்குத்தான்."

கைருன்னிசா தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சத்தம் போட்டு அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ரப்பரைப் பெருவிரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள், பஸ்ஸில் நசீம் பார்த்ததுபோல.

"மச்சான்ட்டத் தானே சொல்லிக்கிறேன்னு சொல்லிருந்தா" என்றேன். "இப்ப நான் சொல்லணும். சொல்றேன்."

"வேணாம்" என்றாள்.

உள்ளே சாதியா அழத் தொடங்கியது. கைருன்னிசா எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு போனாள். நானும் பின்னால் போனேன். முன்னறையில் மச்சான் பாயில் உட்கார்ந்து, ஓதி முடித்த யாசீன் கிதாபுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். காஜாவும் மிஸ்பாவும் வாசலில் நசீமின் செருப்பில் ஆளுக்கொன்றாகக் காலை விட்டு இழுத்து நடந்துகொண்டிருந்தார்கள். ஜன்னலில் பாட்டில் இருந்தது.

கைருன்னிசா பிள்ளையைத் தூக்கினாள். பாட்டிலை எடுக்கவில்லை. உள்ளறைக்கும் போகவில்லை. மச்சானுக்கு எதிரே, நசீம் சாய்ந்திருக்கும் சுவரோரம் உட்கார்ந்து, முந்தானையால் பிள்ளையை மூடிக்கொண்டாள். அழுகை நின்றது. குடிக்கும் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

மச்சான் நிமிர்ந்தார். ஒரு கிதாபு கையில் அப்படியே நின்றது. முகம் சிவந்தது. என்னவோ கேட்க வாயெடுத்தார். கைருன்னிசா கண்ணைத் தாழ்த்தவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொல்லலாமென்று அடியெடுத்து வைத்தேன். வேண்டாம் என்பதுபோல் கையைக் காட்டினார். எத்தனை நாளாக நடக்கிறது என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்திருக்க வேண்டும், அவர் பார்வை பாட்டிலுக்கும் சாத்தாத கதவுக்கும் போய்ப் போய் வந்தது. கையிலிருந்த கிதாபை மற்றவற்றின் மேல் வைத்தார். விளிம்புகளைத் தட்டிச் சரிசெய்தார். மறுபடியும் சரிசெய்தார்.

சாதியா ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் மாறியது.

"மாப்ள" என்றார், என்னைப் பார்க்காமல்.

"என்ன மச்சான்?"

"அந்தப் பாட்டில எடுத்து வெளிய போடுங்க. எறும்பு மொய்க்குது."